தாளில் ஒரு கென்டே

கானாவின் அசாந்தி, எவே மக்கள் நெய்யும் கென்டேயைக் குழந்தைகளுக்குப் புரியவைக்க, அச்சிட்ட படத்துக்கு வண்ணம் தீட்டச் சொன்னால் போதாது. சுமார் நான்கு அங்குல அகலப் பட்டைகளாக நெய்து, பிறகு பக்கம் பக்கமாகத் தைத்துச் சேர்ப்பதுதான் கென்டே. ஆகவே ஆளுக்கொரு பட்டை பின்னட்டும். கறுப்புத் தாளைப் பாவாகக் கீறி, மஞ்சள், பச்சைக் கீற்றுகளை மேலும் கீழுமாக ஊடையாய் நுழைக்கட்டும். அடுத்த வரிசையை மாற்றித் தொடங்க மறந்தால் பின்னல் பிடிக்காது. அந்தத் தவறு கற்பிப்பதை எந்தப் படமும் கற்பிக்காது. பட்டைகளை ஒட்டிச் சேர்த்தால் வகுப்புக்கே ஒரு துணி.

தாள் நூலாகுமா, பெருங்கலையைக் கைவேலையாகச் சுருக்கலாமா என்று கேட்பார்கள். நூலின் இழுவிசை தாளுக்கு இல்லைதான். அதனால்தான் கால்விரலிடுக்கில் கயிற்றைப் பிடித்துத் தறியை இயக்கும் நெசவாளரின் காணொளியையும் சேர்த்துக் காட்ட வேண்டும். கென்டே நெய்யப்படும் போன்விரே என்ற ஊர்ப்பெயரைச் சொல்ல வேண்டும். 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற கலையை 'ஆப்பிரிக்கப் பின்னல்' என்று பொத்தாம்பொதுவாக அழைப்பதே அவமதிப்பு; தாளில் பின்னுவது அல்ல.