குறுக்குவழிக்கும் டிக்கெட் உண்டு

அரக்கோணத்திலிருந்து சென்னைக்குச் சுமார் 70 கிலோமீட்டர். என் கதையில் ஒருவனை இங்கே ரயிலேற்றிப் பத்து நிமிஷத்தில் சென்ட்ரலில் இறக்கிவிட்டால் வாசகர்கள் சும்மா இருப்பார்களா? கடிதம் எழுதியே என்னைக் கொன்றுவிடுவார்கள். அதே வாசகர்கள், கதாநாயகன் 'புழுத்துளை' ஒன்றில் நுழைந்து, காப்பி ஆறுவதற்குள் வேறொரு நட்சத்திர மண்டலத்தில் எழுந்து நின்றால், "அடடா, விஞ்ஞானம்!" என்று பூரித்துப் போகிறார்கள். கோபம் அவர்கள்மேல் இல்லை. எழுதுகிற என் சகாக்கள்மேல்தான்.

"கதைதானே ஸார்!" என்கிறார்கள். கதைதான். பின் எதற்கு ஐன்ஸ்டைன் பெயரை இழுக்கிறீர்கள்? 1935-ல் ஐன்ஸ்டைனும் ரோஸனும் கணக்கில் கண்ட பாலம் யாரும் கடக்க முடியாதது. ஒளி மறுகரை சேருமுன்பே அது அறுந்துவிடும். மனிதன் போய்வரக்கூடிய துளைக்கு என்ன வேண்டும் என்று 1988-ல் மாரிஸும் தோர்னும் கணக்குப் போட்டார்கள். சூனியத்துக்கும் கீழான சக்தி கொண்ட விபரீதப் பொருள் வேண்டும் என்று விடை வந்தது.

ஏன் அப்படி? அதற்கு வேர் கல்கத்தாவில் இருக்கிறது. உலோகங்களை ஆராய்வதற்காக வேலைக்கு அமர்த்தப்பட்ட அமல்குமார் ராய்சௌதுரி, தம் சொந்த ஆசையில் பிரபஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு, 1955-ல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். சாதாரணப் பொருளின் ஈர்ப்பு, பாதைகளை ஒன்றையொன்று நோக்கிக் குவிக்கும் என்பது அதன் சாரம். பின்னால் அதை ஒளிக்கும் விரித்தார்கள். துளையின் கழுத்திலோ, குவிந்து நுழையும் கதிர்கள் விரிந்து வெளியேற வேண்டும். சாதாரணப் பொருளுக்கு அந்த வித்தை தெரியாது. இந்தப் பெயரை நம் கதைகளில் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

சரி, பிரபஞ்சமே விரிகிறதே, துளையும் கூடவே விரிந்தால்? 1994-ல் சயன் கர் என்ற நம் நாட்டு விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். காலத்தோடு மாறும் துளையானால், விபரீதப் பொருள் இல்லாமலே இருக்கலாம். ஆனால் ஒரு கெடுவுக்குள் மட்டும். கெடு குறுகியதாகவும் இருக்கலாம், மிக நீண்டதாகவும் இருக்கலாம். நிஜத்தில் இன்றுவரை ஒரு துளையையும் யாரும் கண்டதில்லை, எல்லாம் காகிதத்தில்தான்.

கெடு வைத்த கதவு! கதாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அக்கரைக்குப் போனவன் நேரத்தோடு திரும்புவானா, திண்ணையில் காத்திருப்பவள் என்ன ஆவாள்? ஒரு நாவலே இருக்கிறது. இதையெல்லாம் எழுத அலுப்பாயிருந்தால் பறக்கும் கம்பளத்தையே எழுதட்டும். அதில் டிக்கெட் கேட்பாரில்லை.