மன்னிப்பைக் கேட்பதற்கு முன்
(கட்டுரையாளர், ஆவணப்படத் தொகுப்பாளர்)

ஜவ்வாது மலைக்குக் கேமராவோடு ஏறுகிற ஆவணப்படக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். செம்மரம் வெட்டப் போய்ச் செத்தவரின் மனைவியிடம், “சுட்டவங்களை மன்னிச்சிட்டீங்களாம்மா?” என்று கேட்காதீர்கள். கேட்டால் அந்த அம்மா அழுவார், படமும் விருதுக்குப் போகும். ஆனால், அவரிடம் இதுவரை யார் மன்னிப்புக் கேட்டார்கள்?

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தார். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. கோடரியாலும் கல்லாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது படை. உடன் வந்தவர்களைப் பேருந்திலிருந்தே போலீஸ் இறக்கிக்கொண்டு போனது என்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். தற்காப்பு என்பவர்கள் தவறென்று ஒப்புக்கொள்ளவே இல்லையே; பிறகு எதை மன்னிப்பது?

வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். சந்தனமரம் தேடி 1992 ஜூனில் அந்த ஊருக்குள் புகுந்து வன்கொடுமை செய்த அரசு ஊழியர்களில், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தீர்ப்பு வந்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மன்னிப்பதா வேண்டாமா என்பது அதன் பிறகுதான் அந்த ஊர்ப் பெண்களின் கைக்கு வந்தது.

எரால் மோரிஸின் ‘தி தின் புளூ லைன்’ (1988) ஆவணப்படம் இரக்கம் கோரவில்லை. போலீஸ்காரரைக் கொன்றதாகச் சிறையிலிருந்த ராண்டல் ஆடம்ஸின் வழக்கில் ஒவ்வொரு சாட்சியையும் குடைந்து பார்த்தது. மறு ஆண்டே அவர் விடுதலையானார். நம் படங்களுக்குத் தேவை அந்தப் பிடிவாதம். 2013 டிசம்பரில் சேஷாசலத்தில் வன அலுவலர்கள் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் நூற்றுக்கணக்கான தமிழகத் தொழிலாளர்கள் சிறையிலிருந்து, 2016இல் விடுதலையானார்கள். அந்த ஆண்டுகளில் வீட்டில் யார் உழுதார்கள், ஜாமீனுக்கு எங்கே கடன் வாங்கினார்கள், தெலுங்கில் இருந்த வழக்குத் தாள்களை யார் படித்துச் சொன்னார்கள்? கொல்லப்பட்ட அந்த இரு அலுவலர்களின் வீடுகளிலும் இதே பொறுமையோடு உட்கார வேண்டும். முன்பணம் கொடுத்து ஆள் சேர்க்கிற ஏஜென்டையும், கட்டையைக் கப்பலேற்றுகிறவரையும் தேடிப் போக வேண்டும். இது கடினமான வேலை, ஆபத்தும் உண்டு. அதனால்தான் கேமரா எளிதாக விதவையின் முகத்துக்கே திரும்பிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, என் தொழில் சார்ந்தது. “ஆமா, வெட்டினேன்” என்று ஒருவர் கேமரா முன் சொன்னால், அது அவருக்கு எதிராகவே திரும்பக்கூடும். வழக்கு நிலுவையில் உள்ளவரின் முகத்தையும் ஊர்ப் பெயரையும் படத்தில் வைக்காதீர்கள். வெளியிடுவதற்கு முன் ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலேயே அவர்களுக்குத் திரையிட்டுக் காட்டுங்கள். நீக்கச் சொன்ன காட்சியை நீக்குங்கள்.