லீவு கேம்ப்பில் உங்கள் பிள்ளையோடு நடக்கப் போவது யார்?

ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும். நாடி பார்க்கக் கையை நீட்டும்போதே தாய்மார்கள் கேட்டுவிடுவார்கள்: "டாக்டர், இந்த லீவுக்குப் பையனை எதுல போடலாம்?" நீச்சல், கீபோர்டு, அபாகஸ், கராத்தே என்று போகும் பட்டியலில் கொஞ்ச வருஷமாக ‘நேச்சர் கேம்ப்’பும் சேர்ந்திருக்கிறது. மூலிகையை நம்பிப் பிழைக்கிற நான் அதை வேண்டாம் என்று சொல்வேனா? ஆனால் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "அங்கே சொல்லிக் கொடுக்கப் போறது யாரு?"

பெரும்பாலும் பதில் வராது. ஃபீஸ் எவ்வளவு என்று தெரியும். மத்தியானம் என்ன டிபன் என்று தெரியும். ஏன், டி-ஷர்ட் என்ன கலர் என்றுகூடத் தெரியும்! பிள்ளையோடு வெயிலில் நடக்கப் போகிறவர் யார் என்பது மட்டும் தெரியாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டிலேயே ஒரு அனுபவம். என் தம்பி மகளுக்கு ஒன்பது வயசு. ஒரு கேம்ப்புக்குப் போய்விட்டு வந்தவள், வாடிப்போன ஒரு செடியை என் மேஜைமேல் வைத்தாள். "பெரியப்பா, கீழாநெல்லி! மஞ்சள் காமாலைக்கு மருந்தாம். சார் சொன்னார்." முகத்தில் அத்தனை பெருமை. எடுத்துப் பார்த்தேன். கீழாநெல்லி இல்லை. இலை கொஞ்சம் அதே சாயல், அவ்வளவுதான். விசாரித்ததில் அறுபது பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பையன். கேம்ப் தொடங்க இரண்டு நாளைக்கு முன்னால் வேலைக்கு எடுத்து, கையில் நாலு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில், குணபாடம் எடுத்த ஆசிரியர் எங்களை வயல் வரப்பில் நடக்க வைத்தே பாடம் நடத்துவார். கீழாநெல்லியை அவர் பெயர் சொல்லிக் காட்டவில்லை. "காம்பைத் திருப்பு. அடியில என்ன தெரியுது?" என்றார். இலை வரிசைக்குக் கீழே குட்டிக் குட்டி நெல்லிக்காய்கள். பெயரை நாங்களே சொன்னோம்! முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்றைக்கும் எந்தச் செடியைப் பார்த்தாலும் என் கை தானாகக் காம்பைத் திருப்பும். தம்பி மகளுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் ஒன்று. அவளுக்கு வீட்டில் ஒரு பெரியப்பா இருந்தார். மற்ற ஐம்பத்தொன்பது பேர்?

சரி, நம் ஊரில் நல்ல இடம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் சுமார் 25 ஏக்கரில் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சி பூங்கா இருக்கிறதே! 2015இல் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் கூட்டம் சொல்லி மாளாது. சிமெண்ட் வண்ணத்துப்பூச்சி முன்னால் நின்று போட்டோ, ஊஞ்சல், முறுக்கு, வீடு. பிள்ளைகளைத் தப்பு சொல்ல முடியுமா? காட்ட ஆள் இல்லாவிட்டால் அவர்களுக்கு அது இன்னொரு பார்க்தான்.

அங்கேயே ஒருநாள் வேறொரு காட்சியும் பார்த்தேன். பன்னிரண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு பெண் வந்திருந்தார். விலங்கியல் படித்தவராம். முதல் அரை மணி நேரம் அவர் ஒரு வண்ணத்துப்பூச்சியைக்கூடக் காட்டவில்லை. கறிவேப்பிலைச் செடி ஒன்றின் முன்னால் பிள்ளைகளைக் குந்த வைத்து, "இதுல ஒரு ஆள் ஒளிஞ்சிருக்கான், கண்டுபிடிங்க" என்றார். பத்து நிமிஷம் நிசப்தம். பிறகு ஒரு சிறுவன், "அக்கா, இது காக்கா எச்சம்..." என்று இழுத்தான். "நல்லாப் பாரு." எச்சம் நகர்ந்தது! பிள்ளைகள் போட்ட கூச்சலில் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. சின்னப் புழுவாக இருக்கும்போது பறவைகளை ஏமாற்ற எச்சம் போல வேஷம். வளர்ந்ததும் இலைப் பச்சை. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி இரண்டு கொம்பு நீட்டி, ஒரு நெடி விடும். நம் வீட்டுக் கொல்லைக் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் இத்தனையும் நடக்கிறது. நாம் புழு என்று தட்டிவிட்டு இலையை ரசத்தில் போடுகிறோம்.

அடுத்து அவர் ஆடுதீண்டாப்பாளையைக் காட்டினார். "பேரைப் பிரிச்சுச் சொல்லுங்க." ஆடு தீண்டாத பாளை. "ஆடே தொடாததை யார் தின்னுவாங்க?" சிவப்பு உடம்புக் கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு தின்னும். தின்ற விஷம் அதன் உடம்பிலேயே தங்கிவிடுவதால் பறவைகள் அதைத் தொடாது. இதில் ஒரு வேடிக்கை. நம் கறிவேப்பிலைப் புழு வளர்ந்து வண்ணத்துப்பூச்சியானதும், அந்தப் பெண் பூச்சிகளில் சில, விஷப்பூச்சி மாதிரியே சிறகு போட்டுக்கொண்டு பறக்கும். விஷம் கிடையாது, வேஷம் மட்டும்! பிள்ளைகள் அன்றைக்கு வீட்டில் போய் எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பார்கள்!

(வைத்தியனாக இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஆடுதீண்டாப்பாளை நம் ஏடுகளில் உள்ள மூலிகைதான். ஆனால் அதிலுள்ள அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும் என்று இன்று நிரூபணமாகிவிட்டது. யார் சொன்னாலும் வீட்டில் அரைத்துக் குடிக்காதீர்கள்.)

அந்தப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். வருஷத்தில் மே மாதம் மட்டும்தான் இந்த வேலையாம். தினக்கூலி. மற்ற மாதங்களில் டியூஷன். "பிடிச்சுத்தான் சார் செய்றேன். ஆனா வீட்ல இதை வேலைன்னு ஒத்துக்க மாட்டேங்கிறாங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1991லேயே உத்தரவிட்டது. 2001இல் பள்ளிகளில் தேசிய பசுமைப் படை தொடங்கியது. புத்தகம் இருக்கிறது, பரீட்சை இருக்கிறது. காம்பைத் திருப்பிப் பார்க்கச் சொல்லும் ஆளுக்குத்தான் பஞ்சம். ‘மௌன வசந்தம்’ எழுதினாரே ரேச்சல் கார்சன், அவர் 1956லேயே ஒரு கட்டுரையில் இதைத்தான் எழுதினார்: குழந்தையின் வியப்பு மங்காமல் இருக்க, கூட இருந்து ரசிக்க ஒரு பெரியவராவது வேண்டும்.

திருச்சிக்கு இது புதிய விஷயமும் இல்லை. செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராப்பினாட் உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது. 1967இல் அதைத் தொடங்கிய பாதிரியார் கே.எம்.மேத்யூ, ஊர் ஊராக அலைந்து செடி சேகரித்து, தமிழகச் சமவெளித் தாவரங்களைப் பற்றி 1980களில் பெரிய நூல்களாக வெளியிட்டார். இப்படிப்பட்ட ஊரில் தாவரவியலும் விலங்கியலும் படித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களில் பத்துப் பேருக்குப் பயிற்சி கொடுத்து, வருஷம் முழுக்கச் சம்பளம் கொடுத்தால் ஆகாதா? புது நீரூற்று கட்டுகிற செலவில் ஒரு பங்கு போதும்.

"புழு பார்க்கவா டாக்டர் இவ்வளவு செலவு?" என்று கேட்பவர்களுக்கு மருத்துவக் கணக்கே சொல்கிறேன். சீனாவின் குவாங்சௌ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் பள்ளியில் கூடுதலாக 40 நிமிஷம் வெளியே விட்டார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், வெளியே விட்ட பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015இல் வெளியான ஆய்வு இது. நம் வீடுகளில் இரண்டாம் வகுப்பிலேயே கண்ணாடி. வெளியே போ என்று விரட்டினால் பிள்ளை போகுமா? போகாது. வெளியே பார்க்க ஏதோ இருக்கிறது என்று ஒருவர் காட்டினால் போகும்.

தெரியாதவரிடம் விட்டால் ஆபத்தும் உண்டு. காட்டாமணக்கு விதை வேர்க்கடலை மாதிரி ருசிக்கும். தின்ற கொஞ்ச நேரத்தில் வாந்தி, பேதி. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மீதி விதையையும் கையோடு எடுத்துப் போங்கள். எருக்கம்பால் பட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் கருவிழியே பாதிக்கும். நிறைய சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு, வலி இல்லாவிட்டாலும் கண் டாக்டரைப் பாருங்கள். அதற்காக எருக்கம் புதரையே காட்டாமல் இருப்பதா? அந்த இலையில்தானே ஆரஞ்சுச் சிறகுப் பூச்சியின் புழு கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரியோடு உட்கார்ந்திருக்கிறது! எதைத் தொடலாம், எதைக் கண்ணால் மட்டும் பார்க்கலாம் என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும்.

இன்னொன்று. திருச்சி கத்திரி வெயிலில் பத்து மணிக்கு மேல் பிள்ளைகளை நடக்க வைப்பது எனக்குச் சம்மதமில்லை. காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை, நீர்மோரோ பானகமோ கையில், தலையில் தொப்பி. அதோடு சரி. உண்மையில் வண்ணத்துப்பூச்சி கொழிக்கிற காலம் மே மாதமே இல்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு, தை வரைக்கும்தான். லீவில் இல்லாவிட்டால் என்ன, அப்போது மாதம் இரண்டு ஞாயிறு நடத்துங்கள் என்று பெற்றோர் கேட்டால் நடத்த மாட்டார்களா?

ஆகவே பணம் கட்டும் முன் கேளுங்கள். சொல்லிக் கொடுப்பவர் யார், என்ன படித்தவர், ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள், போன வருஷம் இருந்தவரே இந்த வருஷமும் இருக்கிறாரா? பதினைந்துக்கு மேல் என்றால் யோசியுங்கள். நல்ல ஆள் என்றால் நூறு, இருநூறு கூடக் கேட்டாலும் பேரம் பேசாதீர்கள்.

தம்பி மகள் இந்த வருஷம் அந்தப் பெண்ணிடம்தான் போகிறாள். எங்கள் வீட்டில் இப்போது கறிவேப்பிலை கிள்ளப் போனால் முதலில் அவளிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.