பெரிய டயர் போட்டால் கூடுதல் பாரம் ஏற்றலாமா?

சின்ன வெங்காய அறுவடை சமயத்தில் கிராமங்களுக்குப் போனால் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "சார், பிக்கப்புக்கு டயரைக் கொஞ்சம் பெருசாப் போட்டுட்டா இன்னும் பத்து மூட்டை சேர்த்து ஏத்தலாம்ல?" உழவியல் படித்தவனிடம் டயரைப் பற்றிக் கேட்கிறார்களே என்று முதலில் நினைத்ததுண்டு. ஆனால் சந்தையில் இறக்கும் வரை விளைச்சல் வருமானம் ஆவதில்லை. அதுவரை அந்தச் சுமை முழுவதும் நான்கு டயர்களின் மேல்தான் இருக்கிறது. எனவே கேள்வி நியாயமானது. பதில்தான் பலருக்குப் பிடிப்பதில்லை: ஏற்றக் கூடாது.

டயரை மாற்றினால் டயரின் தாங்குதிறன் மட்டுமே கூடும். அச்சு, ஸ்பிரிங் பட்டை, பிரேக், சேஸிஸ் எல்லாம் பழையவைதான். வண்டி எவ்வளவு எடை வரை போகலாம் என்பதைப் பதிவுச் சான்றில் எழுதியிருக்கும் மொத்த எடைதான் தீர்மானிக்கிறது. அதை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவுப்படி 20,000 ரூபாய் அபராதம்; கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். பத்து மூட்டைக்கான வாடகை மிச்சம் ஒரே நாளில் போய்விடும். அபராதத்தைக் கட்டிவிடலாம், இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால் என்ன செய்வது?

அப்படியானால் தாங்குதிறன் கூடிய டயர் எதற்கு? அனுமதிக்கப்பட்ட சுமையைப் பத்திரமாகச் சுமப்பதற்கு. பல வண்டிகளில் தேய்ந்த டயரை மாற்றும்போது அளவை மட்டும் சொல்லி, விலை குறைந்ததை வாங்கி மாட்டிவிடுகிறோம். ஒரே அளவில் வேறு வேறு தாங்குதிறன் கொண்ட டயர்கள் கிடைக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

டயரின் பக்கவாட்டில் அளவை அடுத்து ஒரு எண்ணும் ஆங்கில எழுத்தும் இருக்கும். அந்த எண்தான் பாரக் குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900. 106 என்றால் 950. 108 என்றால் 1,000. 112 என்றால் 1,120 கிலோ. 106/104 என இரண்டு எண்கள் இருந்தால், பின்னால் ஒற்றை டயர் உள்ள பிக்கப்புக்கு முதல் எண்ணைப் பாருங்கள். இரண்டாவது எண் இரட்டை டயர் வண்டிகளுக்கானது.

இனி உங்கள் வண்டிக்கு எவ்வளவு தேவை என்று பார்ப்போம். வழக்கமான சுமையுடன் எடைமேடைக்குப் போங்கள். முழு வண்டியையும் ஒருமுறை நிறுத்தி எடை பாருங்கள். பிறகு பின்சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்தி மறுபடி பாருங்கள். பிக்கப்பில் சுமையின் பெரும்பகுதி பின் அச்சில்தான் விழும். அங்கே 1,750 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாரக் குறியீடு 100 உள்ள இரண்டு டயர்கள் தாங்குவது 1,600 கிலோதான், போதாது. 106 என்றால் 1,900 கிலோ. சுமை இருபுறமும் சமமாக இருக்காது என்பதால் இந்த இடைவெளி அவசியம். வண்டி நிறுவனம் சொன்ன குறியீட்டுக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள்.

அளவையும் மாற்ற நினைப்பவர்கள் ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். 215/75 ஆர் 15 என்பதில் 215 டயரின் அகலம், மில்லிமீட்டரில். அதில் 75 சதவீதம் பக்கச் சுவரின் உயரம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டினால் டயரின் விட்டம் 703.5 மி.மீ. இதையே 235/75 ஆர் 15 ஆக்கினால் 733.5 மி.மீ.; நான்கு சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் ஓடும். ஏற்றத்தில் இழுவை குறையும். பிரேக்குக்கு வேலை கூடும். பழைய ரிம் அந்த அகலத்துக்குப் பொருந்தாமலும் போகலாம். ரிம்முக்கும் தனித் தாங்குதிறன் உண்டு. தவிர, சரக்கு வண்டியின் பதிவு விவரங்களில் டயர் அளவும் ஒன்று. பதிவுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது சட்டத்தின் 52-வது பிரிவு. எனவே அளவை மாற்றாமல், பாரக் குறியீட்டை உயர்த்துவதே நல்ல வழி.

வாங்கும்போது தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். 2324 என்று நான்கு இலக்கம் இருந்தால் அது 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஒரே அச்சில் ஒருபுறம் ரேடியல், மறுபுறம் நைலான் என்று கலக்காதீர்கள். பள்ளக் கோடுகளின் ஆழம் 1.6 மி.மீ. ஆகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

எவ்வளவு நல்ல டயரானாலும் சுமையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்றுதான். காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரியும், சூடேறும், சித்திரை வெயிலில் வெடிக்கும். காலையில் வண்டி எடுக்கும் முன்பே காற்றைச் சோதியுங்கள். ஓடிச் சூடான டயரில் காற்று அதிகமாகத் தெரிகிறது என்று இறக்கிவிடாதீர்கள். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம்.

என் துறை சார்ந்து ஒன்று சொல்ல வேண்டும். பிக்கப் டயரில் 60 பவுண்டு காற்று அடைத்தால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4 கிலோ அழுத்தம் மண்ணில் இறங்குகிறது. டிராக்டரின் பின் டயரில் பெரும்பாலும் 12 முதல் 20 பவுண்டுதான். ஈர வயலுக்குள் சுமை வண்டியை இறக்கினால் மண் இறுகி, வேரும் நீரும் இறங்க முடியாமல் போகும். முதல் ஓட்டத்திலேயே பெரும் சேதம் நடந்துவிடுகிறது. அகலமான டயர் மேல்மண்ணின் அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கலாம். ஆனால் ஆழத்தில் ஏற்படும் இறுக்கம் அச்சுச் சுமையைப் பொறுத்தது. எனவே வண்டியை வரப்போரப் பாதையிலேயே நிறுத்துங்கள். உள்ளே போய்த்தான் ஆக வேண்டுமென்றால், போவதும் வருவதும் ஒரே தடத்தில் இருக்கட்டும்.

வேளாண் விரிவாக்க அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறுவடைப் பின்செய் பயிற்சிகளில் சாக்கு, தரம் பிரிப்பு, விலை பற்றிப் பேசுகிறோம். அரை மணி நேரம் ஒரு பிக்கப்பை நிறுத்தி, டயரில் உள்ள எண்களை விவசாயிகளையே படிக்கச் சொல்லுங்கள். சொந்த வண்டி வைத்திருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், ஒவ்வொரு வண்டியின் சுமை வரம்பையும் மூட்டைக் கணக்கில் எழுதிக் கதவில் ஒட்டலாம். 40 கிலோ நெல் மூட்டை என்றால், 30 மூட்டைக்கே 1,200 கிலோ ஆகிவிடும்.

கடைசியாக, மூட்டைகளின் மேல் ஆட்களை ஏற்றும் பழக்கம். களை எடுத்தவர்களும் அறுத்தவர்களும் அப்படித்தான் வீடு திரும்புகிறார்கள். டயர் வெடித்தால் முதலில் தூக்கி எறியப்படுவது அவர்கள்தான். எந்தக் கடையிலும் அதற்கான டயர் கிடைக்காது. மூட்டைகளை வண்டி கொண்டு போகட்டும். ஆட்கள் பேருந்தில் வரட்டும். அந்தச் செலவையும் சாகுபடிச் செலவில் சேர்த்து எழுதுங்கள்.