இதயத் தசையில் கட்டி: மற்ற மாட்டுக்குத் தொற்றுமா?

கேள்வி: ‘‘இறந்துபோன எங்கள் பசுவைப் பரிசோதித்த மருத்துவர், இதயத் தசையில் ஒட்டுண்ணிக் கட்டிகள் இருப்பதாகச் சொன்னார். இன்னொரு பசுவுக்கும் தொற்றுமா? வீட்டில் நாயும் வளர்க்கிறோம்.’’

- பட்டு நெசவு செய்யும் வாசகர், ஆரணி.

பதில்: நான் பயிர் படித்தவன், கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். மாட்டின் இதயத்தில் இப்படிக் கட்டி கட்டுவது பெரும்பாலும் ‘சார்கோசிஸ்டிஸ் குரூசி’ என்ற ஒட்டுண்ணி. மாட்டிலிருந்து மாட்டுக்கு நேரடியாகத் தொற்றாது. நடுவில் நாய் வேண்டும். பச்சை மாட்டிறைச்சி தின்ற நாயின் குடலில் பெருகி, மலத்தோடு வெளியேறி, புல், வைக்கோல், தண்ணீர் வழியாக மாட்டுக்குள் போகிறது.

கட்டிக்குள் இருக்கும் உயிரி, நம் அரிசியில் உள்ள அதே அமைலோபெக்டின் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். நாய் வயிற்றுக்குப் போகும் நாளுக்கான கட்டுச்சோறு அது! பல மாடுகளில் அறிகுறியே தெரியாது. எனவே, சாவுக்கு இதுதான் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். தொற்று கடுமையானால் காய்ச்சல், ரத்தச்சோகை, கருச்சிதைவு வரும், பால் குறையும், வால்நுனி முடி உதிரும். தசை சிதைவதால் ரத்தத்தில் ‘கிரியேட்டின் கைனேஸ்’ என்சைம் உயரும்.

கட்டியைக் கரைக்க மருந்தில்லை. இறந்த மாட்டை நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். நாய்க்குப் பச்சை இறைச்சி போடாதீர்கள். வைக்கோல் போரில் படுக்க விடாதீர்கள். குடற்புழு மாத்திரை கொடுத்தால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். இது புழு அல்ல, ஓரணு உயிரி.