அடிக்கிற கையும் அணைக்கிற கையும்

குழந்தையைத் தாய் கண்டிக்கும் சந்தர்ப்பத்துக்கு ஒருவேளை பொருந்தக்கூடிய 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்னும் வசனம், எப்படியோ தாம்பத்தியத்தின் தர்மசாஸ்திரமாகிவிட்டது. இக்காலக் குடும்ப நாவல்களில், விசேஷமாக வாசகியர் 'ஆன்டி ஹீரோ கதை' என்று பிரியத்தோடு அழைப்பதும், கைப்பேசியில் அத்தியாயம் அத்தியாயமாக வெளிவருவதுமான தொடர்களில், கதைப்போக்கை நிர்ணயிப்பது இந்த வசனமே. தனவந்தனான நாயகன் ஏதோ பழம்பகையின் நிமித்தம் நாயகியைக் கடத்துகிறான், சம்மதமின்றித் தாலி கட்டுகிறான், அறைகிறான், சில கதைகளில் பலாத்காரமும் செய்கிறான், பிறகு அவனுடைய பால்யத் துயரம் ஒன்று வெளிப்பட்டவுடன் அவள் மனம் இளகி, அவனுக்கு மனைவியாகவும் மருந்தாகவும் ஆகிவிடுகிறாள். இறுதி அத்தியாயத்தில் இரட்டைக் குழந்தைகள்!

இலக்கியத்தில் ஹிம்சையைச் சித்திரிக்கவே கூடாது என்பதன்று என் வாதம். 1966-இல் வெளிவந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், முன்பின் அறியாதவனின் காரில் கெடுக்கப்பட்டு மழையில் வீடு திரும்பும் பெண்ணின் தலையில் நீரை வார்த்து, அவள் களங்கமற்றவள் என்று தாய் ஏற்றுக்கொள்கிறாள். கெடுத்தவனை மாப்பிள்ளையாக்கப் புறப்படவில்லை. அதற்கும் முன்பே, சீதை தீக்குளித்ததைக் கேட்ட அகலிகையை மறுபடியும் கல்லாக்கியவர் புதுமைப்பித்தன். இவ்விருவரும் கொடுமையை எழுதினார்கள். அதைக் காதலின் பூர்வாங்கமாக எழுதவில்லை.

"வெறும் கற்பனைதானே?" என்பார்கள். 2015-இல், பலாத்கார வழக்கில் தண்டனை பெற்ற ஒருவனுக்கு ஜாமீன் வழங்கி, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசிப் பார்க்கும்படி அனுப்பியது சென்னை உயர் நீதிமன்றம். இத்தகைய குற்றத்தில் சமரசத்துக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் கூறிய பிறகே அவ்வுத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவோ, பதினெட்டு வயது நிரம்பிய மனைவியிடம் கணவன் நடத்தும் பலவந்தத்தைப் பலாத்காரமென்று இன்னும் ஒப்பவில்லை. தாலி ஏறிவிட்டால் குற்றம் கரைந்துபோகும் என்ற நம்பிக்கை நாவலாசிரியரின் சொந்தக் கற்பனையன்று, ஊரார் சொத்து.

"பெண்களே எழுதி, பெண்களே படிக்கிறார்களே?" என்பது அடுத்த சமாதானம். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. விட்டு விலக வழியில்லாதவளுக்கு, அடித்தவன் ஒருநாள் திருந்துவான் என்ற கதை ஆறுதலாயிருப்பதில் ஆச்சரியமென்ன? அவள் படிப்பது ஆசையினாலன்று, நிர்க்கதியினால். அந்த நிர்க்கதிக்கு விலை வைத்து, 'இன்னும் கொஞ்சம் பொறு' என்று உபதேசிப்பதையே நான் கண்டிக்கிறேன்.

சமரசம் பேச அழைக்கப்பட்ட அந்தப் பெண் மறுத்துவிட்டாள். நம் தொடர்கதையாசிரியர்கள் அந்த மறுப்பிலிருந்து ஒரு கதையைத் தொடங்கிப் பார்க்கட்டும்; அதற்குப் பிறகும் ஐம்பது அத்தியாயங்களுக்கு விஷயமிருக்கிறது.