கிணற்றுக்குக் கணக்கு உண்டா?



இருப்பு பார்க்காமல் எந்த வியாபாரியும் கொள்முதல் செய்வதில்லை. வரவு தெரியாமல் செலவு செய்பவன் மஞ்சள் கடுதாசிதான் கொடுப்பான். ஆனால் பூமிக்கடியில் உள்ள தண்ணீரை மட்டும் கணக்கே இல்லாமல் இறைக்கிறோமே, இது நியாயமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரங்களில் நம் சமுதாயத்திற்குச் சோறு போட்டது தோல் தொழில். அதை மறப்பதற்கில்லை. அதே தொழிலைப் பற்றி 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் மறப்பதற்கில்லை. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. தோல் ஆலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானது. திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களின் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்று அதில் பதிவாகியுள்ளது. 30.1.2025 அன்று பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டி வந்தது. பாலாற்றங்கரையில் வாழ்ந்துகொண்டு மேட்டூரிலிருந்து வரும் காவிரியைக் குடிக்கிறோம்!

"சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டோமே" என்பீர்கள். நல்லது. ஆனால் ஏற்கெனவே மண்ணுக்குள் இறங்கிய உப்பு எங்கே போகும்? நிலத்தடி நீர் ஆறுபோல ஓடுவதில்லை, ஊர்ந்து செல்கிறது. இன்று இங்கே இறங்கிய உப்பு, பல ஆண்டுகள் கழித்து அடுத்த ஊர்க் கிணற்றில் தலைகாட்டும்.

ஆகவே வட்டாரம் வட்டாரமாக ஆய்வு வேண்டும். மழை எவ்வளவு ஊறுகிறது, எவ்வளவு இறைக்கிறோம், எந்தக் கிணற்றில் எவ்வளவு உப்பு என்று வரைபடம் வேண்டும். ஆண்டுக்கு 100 பங்கு எடுக்கலாம் என்றால் 70க்குள் எடுப்பதே பாதுகாப்பு. 100ஐத் தாண்டினால் அபாயம். இதுவே மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் அளவுகோல். புதிய ஆழ்குழாய், புதிய ஆலை, புதிய மனைப்பிரிவு எதுவானாலும் இந்தக் கணக்கைப் பார்த்த பிறகே அனுமதி என்று அரசு சொல்ல வேண்டும். அந்தக் கணக்கை மக்கள் பார்வைக்கும் வைக்க வேண்டும்.

இளைஞர்களே! அரசு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மே மாதம் ஒரு முறை, மழை முடிந்து ஜனவரியில் ஒரு முறை, கயிற்றில் கல் கட்டி மஹல்லாவின் கிணறுகளை அளந்து எழுதுங்கள். உப்பையும் சோதியுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு நல்லதல்ல. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. பள்ளிவாசல் பலகையில் அந்த எண்களை எழுதிப் போடுங்கள். ஓட்டுக் கேட்டு வருபவரிடம் அதைக் காட்டிக் கேளுங்கள்.

முதலாளியே! உங்கள் லாபக் கணக்கில் இந்தக் கிணற்றையும் சேருங்கள். நாளை அதில் குடிக்கப் போவது உங்கள் பேரப்பிள்ளைகளும்தான். சிந்திப்பீர்!